அத்தை வைக்காத இரண்டு புள்ளிகள்

நம் பள்ளித் தோழிகள் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருத்தி ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எங்கோ வெளிநாட்டில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் நட்சத்திர வரைபடம் ஒன்றைக் காட்டினார்களாம். அவள் திரும்பி வந்து அதை நினைவிலிருந்து வரைந்தாளாம். அது நிஜமான நட்சத்திரங்களோடு பொருந்துகிறதா இல்லையா என்று இன்னமும் ஆராய்ச்சி நடக்கிறதாம். அவ்வளவுதான். முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிற நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டோம். பொருந்துகிறது என்றவள் பொருந்தவில்லை என்றவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். "நீ மட்டும் ஏன்டி வாயத் தொறக்கல?" என்று என்னைக் கேட்டீர்கள். எனக்குக் கட்டைவிரலால் இவ்வளவு பெரிய பதிலைத் தட்ட வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதே விவாதம் எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுக்க நடந்தது. அப்போது உங்களில் சிலர் ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். "ஒங்க வீட்ல மந்திரம் பண்றாங்களாமே, நெசமா?" என்று இடைவேளையில் கேட்டவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். பேரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். நீங்கள் விவாதித்தபோது உங்களுக்குப் போவதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அவள் பிள்ளையே கைவிட்டுப் போக இருந்தது. வித்தியாசம் அதுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது ஓட்டு வீடு. அப்பா நில அளவை சர்வேயர். சங்கிலியும் கம்பும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வயலை அளப்பவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தக்கால் நேராக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார், மாப்பிள்ளையை அப்புறம்தான். அவருக்கு ஒரே தங்கை. அவளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கீழ வீதியில் மாமாவுக்குப் பாத்திரக் கடை. கடை மாமாவுடையது என்று பேர்தான், வீட்டில் ஆட்சியெல்லாம் அவருடைய அண்ணனுடையது. கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். அவரை நாங்கள் பெரிய மாமா என்போம்.

அத்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கொடுத்த சொம்பை விரலால் ஒரு சுண்டு சுண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். "ஓட்டை இல்ல, குடிக்கலாம்" என்பாள். கொடுத்தவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் எப்போது வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. மூன்று வயதில் ஒரு பையன்.

கார்த்திகை மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. அம்மா டைபாய்டு வந்து தேறிக்கொண்டிருந்தாள். கூடமாட ஒத்தாசைக்கு இரண்டு நாள் வருகிறேன் என்று அத்தை மாலை பஸ்ஸில் சிதம்பரத்திலிருந்து கிளம்பினாள். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். புதுச்சத்திரம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த லாரியில் மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். ஆண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வர மனசில்லாமல் அத்தை மட்டும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அடுத்த பஸ் வந்தபோது அங்கே அவள் இல்லை. மறுநாள் காலையில் ஆலப்பாக்கம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தகவல் வந்து அப்பா போய் அழைத்து வந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் தண்ணீர் கேட்டாள். சொம்பைச் சுண்டவில்லை. அப்படியே குடித்தாள். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"மழையில மதகு மேல குந்தியிருந்தேன். வெளிச்சம் வந்துச்சு. பெட்ரோமாக்ஸ் லைட்டு மாதிரி, ஆனா அந்த உஸ்ஸுன்னு சத்தம் இல்ல. அப்புறம் பாத்தா ஒரு ரூம்புல இருக்கேன். நாலஞ்சு பேரு நின்னாங்க. நம்மள மாதிரிதான், ஆனா நம்மள மாதிரி இல்ல. பயத்துல இன்னா பேசறதுன்னே தெரியல. எந்த ஊரு நீங்கன்னு கேட்டுட்டேன்."

அப்பா சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர்களைக் கேட்கிற மாதிரி வேற்றுக்கிரகத்தாரையும் ஊர் விசாரித்திருக்கிறாள். அதற்குப் பதிலாகத்தான் அவர்கள் சுவரில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒன்றைக் காட்டினார்களாம். அதில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்களாம். அதற்குமேல் அவளுக்கு நினைவு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடிய விடிய மழை கொட்டிய அந்தக் காலையில் அத்தையின் புடவை நனைந்திருக்கவில்லை. அவள் மடியில் நான் தலை வைத்துப் படுத்தேன், அதனால் தெரியும். பாத்திரக் கடையின் புளி வாசனையும் பஸ்ஸின் டீசல் வாசனையும் அதில் அப்படியே இருந்தன. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சிதம்பரத்துக்காரர்களுக்கு அதுவே வேறு மாதிரி பட்டது. புடவை நனையவில்லை என்றால் யாரோ ஒருவருடைய கூரைக்கு அடியில் இருந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

மாமாவும் பெரிய மாமாவும் வந்தார்கள். பையனை அழைத்து வரவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மாமாதான் பேசினார். குரலை உயர்த்தாமல், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி.

"மச்சான், நா சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். வாரப் பத்திரிகையில பறக்கும் தட்டு, பறக்கும் தட்டுன்னு வாராவாரம் எழுதறான். அதப் படிச்சுப் புத்தி பேதலிச்சிருக்கலாம். இல்லன்னா வேற எங்கியோ இருந்துட்டு வந்து கத சொல்லலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் கொழந்தைய அது கையில குடுக்க முடியாது."

"மூணாவதா ஒண்ணு இருக்கே. அது சொல்றது நெசமா இருக்கலாமே" என்றார் அப்பா.

"இருக்கலாம். அப்ப அந்தப் படம் நெசமான நட்சத்திரத்தோட பொருந்தணும். பொருந்துதுன்னு நீங்க காட்டுங்க. நானே வந்து மரியாதையா கூட்டிக்கிட்டுப் போறேன். திருவாதிரைக்கு எப்படியும் சிதம்பரம் வருவீங்க. அன்னிக்குப் பேசி முடிச்சுக்கலாம்."

அப்பா ஒத்துக்கொண்டார். இன்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தன் தங்கை பொய் சொல்லமாட்டாள் என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அளந்து காட்டுகிறேன் என்றார். அளக்கத் தெரிந்தவருக்கு அதுதான் தெரியும். அத்தை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் கிளம்பும்போது மாமாவிடம், "ராத்திரி பால் குடிக்கறானா?" என்று மட்டும் கேட்டாள். மாமா தலையாட்டினார்.

மறுநாள் அப்பாவுக்குத் திருவதிகைப் பக்கம் அளவை வேலை. "படத்த வரைஞ்சு வாங்கி வை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்குப் பென்சில் வசப்படாது. அம்மாவே, "மாவு தர்றேன், தரையில போடு" என்றாள். கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, அத்தை குந்தி உட்கார்ந்து கோலமாவில் புள்ளி வைத்தாள். வரிசையாக இல்லாமல், ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று வைத்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். பெரிய புள்ளிக்கு மாவை அழுத்தினாள், சின்னதற்கு நுனி விரலால் தூவினாள். பிறகு கோடுகளை இழுத்தாள். கடைசிக் கோடு ஒரு புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் போய் அந்தரத்தில் நின்றது. "அவ்ளோதான் அண்ணி" என்று கையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அம்மா ஒரு பழுப்புத்தாளை விரித்து அதைப் பார்த்துப் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எழுதி முடித்து, அந்த அந்தரத்தில் நிற்கும் கோட்டுக்கு வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"இன்னாது, கோட்ட இப்படி வாயைப் பொளந்துகிட்டு வுட்டிருக்கா" என்றாள். "வீட்டுக்கு ஆவுமா? பாவம், தலை சுத்துது போல இருக்கு, அதான் பாதியில எழுந்து போயிட்டா."

நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. சிக்குக் கோலத்தில் கோடு ஆரம்பித்த இடத்தில் வந்து சேர வேண்டும். திறந்து விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று நம் அம்மாக்கள் அத்தனை பேரும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அம்மா இரண்டு சின்னப் புள்ளிகளை வைத்தாள். அவற்றைச் சுற்றிக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து முதல் புள்ளியோடு சேர்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள். கோலம் என்றால் அப்படித்தானே என்று எனக்கும் தோன்றியது. சாயங்காலம் தூறல் விழுந்து தரையில் இருந்தது கரைந்துபோயிற்று.

அப்பா வந்து தாளை வாங்கிக்கொண்டார். அதை அத்தையிடம் காட்டவே இல்லை. அவர் தொழிலில் அது ஒரு கட்டுப்பாடு. வயலில் எல்லை சொல்ல வருகிறவனிடம் படத்தைக் காட்டக் கூடாதாம். காட்டினால் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாட்சியை மாற்றிச் சொல்லிவிடுவானாம். "அது சொன்னது சொன்னதா இருக்கட்டும்" என்று தாளைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தார். அத்தையும் கேட்கவில்லை.

பிறகு வேலை தொடங்கியது. புதுச்சேரியில் இருந்த ஒரு சிநேகிதரிடமிருந்து தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நாம் இங்கிருந்து பார்த்தால் எல்லா நட்சத்திரமும் ஒரே பலகையில் அடித்த ஆணி மாதிரி தெரிகிறது. உண்மையில் ஒன்று கிட்டே, ஒன்று எட்டே. அவர்கள் ஊரில் நின்று பார்த்தால் அதே நட்சத்திரங்கள் வேறு விதமாக நிற்கும். அதனால் வானத்தையே வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் பார்த்து, எந்த இடத்திலிருந்து பார்த்தால் படம் போல் தெரிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கூடத்து ஓட்டுக்குக் கீழே இருந்த மூங்கில் வரிச்சில் நூல் நூலாகக் கட்டினார். ஒவ்வொரு நூலின் நுனியிலும் மெழுகை உருக்கி ஒரு குன்றிமணியை ஒட்டினார். வாடைக்காற்று ஆட்டிவிடும் என்று ஜன்னல்களை மாதம் முழுக்கச் சாத்தியே வைத்தோம். அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே சுற்றியது. சாப்பிடவும் படுக்கவும் நாங்கள் தவழ்ந்துதான் போனோம். பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தெருவில் சொன்னார். அதிலிருந்துதான் மந்திரக் கதை கிளம்பியது. ஒருநாள் மெழுகு இளகி ஒரு குன்றிமணி ரசத்தில் விழுந்துவிட்டது. அது விஷமாயிற்றே என்று அம்மா ரசத்தை அப்படியே கொல்லையில் கொட்டினாள். எந்த நட்சத்திரம் விழுந்தது என்று அப்பா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தேடினார். அன்றைக்குத்தான் அத்தை கொஞ்சம் சிரித்தாள்.

மற்ற நாட்களில் சிரிக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து பாத்திரம் ஏற்றி வருகிற வேன்காரரைத் தெருமுனையில் நிறுத்திப் பையனைப் பற்றிக் கேட்பாள். இருமுகிறானாம் என்று ஒருநாள் அவர் சொல்லிவிட்டுப் போக, அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. எனக்குச் சோறு ஊட்டிவிடுகிறேன் என்று கூப்பிடுவாள். பதினோரு வயதில் எனக்கு எதற்கு ஊட்டிவிட வேண்டும்? ஆனாலும் போய் உட்காருவேன். உருண்டையைக் குட்டிக் குட்டியாக உருட்டுவாள். என் வாய்க்கு அது பத்தாது. அது மூன்று வயது வாய்க்கான அளவு.

திருவாதிரைக்குச் சில நாள் முன்பு, காலையில், அப்பா சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு என்னைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் உட்காரவைத்தார். "பாரு. தெரியுதா?" என்றார். பழுப்புத்தாளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். குன்றிமணிகளுக்கு நடுவே சிலது தாளில் இருந்தபடியே நின்றன. தெரிகிறது என்றேன். உண்மையிலேயே தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தால் எனக்கு இன்றும் பல விஷயங்கள் தெரிகின்றன.

அப்பா அன்று பாட்டே பாடினார். இட்லியைப் பிட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "மத்த புள்ளியெல்லாம் எங்கியாவது ஒரு மூலையில பொருந்தித் தொலைக்கும்னு மச்சான் சொல்லுவாரு. ஆனா அந்தக் கடைசி ரெண்டு சின்னப் புள்ளி இருக்கு பாரு, அது கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம். புஸ்தகத்துல மட்டுந்தான் இருக்கு. அந்த ரெண்டுதான் அவரு வாய அடைக்கப் போவுது."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி சட்னிக் கிண்ணத்திலேயே நின்றது. "அந்த ரெண்டா..." என்றாள்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு இட்லி வெக்கட்டுமா?"

அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் நாத்தனாரின் பிள்ளை போகிறான். சொல்லாவிட்டால் அவன் வந்துவிடுகிறான். யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தப் புள்ளிகளை அம்மா வைத்ததை நானும்தான் பார்த்தேன், நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

திருவாதிரை அன்று சிதம்பரத்தில் கூட்டம் நெரிந்தது. தரிசனம் முடித்து, நெற்றியில் விபூதியும் தலையில் பனியுமாகக் கீழ வீதி வீட்டுக்குப் போனோம். அத்தை படியேறும்போதே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவன் வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய்விட்டு, ஒரு கண்ணை மட்டும் காட்டினான். அவள் கூப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை, அப்படியே இருந்தாள். களியும் கூட்டும் இலையில் வைத்து எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அவனாகவே வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டான். அத்தை அவன் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

அப்பா கூடத்தில் பழுப்புத்தாளையும் தான் வரைந்த நட்சத்திரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பெரிய மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், வானத்துல புள்ளிக்கா பஞ்சம்? ஒரு கைப்பிடி அரிசிய எறைச்சா அதுல யானையும் தெரியும், பூனையும் தெரியும். உங்களுக்கு வேணுங்கறதப் பொறுக்கி எடுத்துட்டீங்க."

"பொறுக்கல. அளந்தேன்."

"அளந்து பொறுக்கினீங்க."

"சரி, அப்படியே வெச்சுக்குங்க. இத பாருங்க." அப்பா விரலை வைத்தார். "கோடு இங்க வந்து திரும்புது. திரும்புற எடத்துல ரெண்டு சின்னப் புள்ளி. அதே எடத்துல, அதே எடைவெளியில, புஸ்தகத்துல ரெண்டு நட்சத்திரம் இருக்கு. வெறுங் கண்ணுக்குத் தெரியாது. பெரிய டெலஸ்கோப்பு வேணும். என் தங்கச்சி டெலஸ்கோப்ப எங்க பாத்துச்சு, உங்க பாத்திரக் கடையிலயா?"

மாமா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பெரிய மாமா அளவுகோலை வாங்கி அளந்தார். புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் அளந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பொருந்தியதைப் பொருந்தவில்லை என்று சாதிக்கிற ஆள் இல்லை. வெகுநேரம் கழித்து, "இது யோசிக்க வேண்டிய விஷயந்தான்" என்றார். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. அவருக்கு சந்தோஷம் வந்தால் அப்படி ஆகும்.

"ஏம்மா, இப்படி வா" என்று அத்தையைக் கூப்பிட்டார் பெரிய மாமா. "நீ அங்க பாத்தது இதுதானா? அந்தக் கடைசி ரெண்டு புள்ளியும் இருந்துச்சா? ஆமாம்னு சொல்லு, போதும். நா ஒத்துக்கறேன்."

அத்தை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தாளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவனை மடியில் இருத்திக்கொண்டாள். அம்மா எழுதிய படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்ததும் முகம் மலர்ந்தது, தெரிந்தவர்களைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி. விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனாள். கடைசியில் விரல் நின்றது.

"இதுவரைக்கும் சரி" என்றாள். "இந்த ரெண்டு புள்ளி நா வெக்கல."

அம்மா பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு" என்றார் அப்பா. குரல் கெஞ்சியது.

"நல்லா ஞாபகம் இருக்குண்ணே. அதனாலதான் சொல்றேன். கோடு இங்கியே நின்னுடுச்சு. அதுக்கு மேல அவுங்க காட்டல." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். "அண்ணி கை சும்மா இருக்குமா? கோலத்த முடிச்சு வெச்சிருக்காங்க."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி நம்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கள்ளம் ஒரு துளிகூட இல்லை.

பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "பாத்தீங்களா மச்சான். சமையல்கட்டுல பொம்பளைங்க கூட்டிப்போட்ட புள்ளி உங்க வானத்துல போய்ப் பொருந்துது. அப்ப எதுதான் பொருந்தாது? அதுவே ஒத்துக்கிச்சு."

அப்பா தாளைச் சுருட்டினார்.

என்ன ஒத்துக்கொண்டாள்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு இந்த இடத்தில் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. பொய் சொல்லுகிறவளாக இருந்தால், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஆமாம் என்ற ஒரே வார்த்தைக்கு அவன் கிடைப்பான் என்கிறபோது, இல்லை என்று சொல்லுவாளா? அந்தக் கூடத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், அளந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. பெரிய மாமா நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் வழக்கு இல்லை.

"கொழந்தைய எறக்கி வுடும்மா" என்றார் பெரிய மாமா. மெதுவாகத்தான் சொன்னார்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். "அண்ணன் சொல்றாரு இல்ல" என்றார் அவர், தரையிடம். அத்தை பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு இறக்கி விட்டாள். அவன் அழவில்லை. களி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தங்கையை நம்பவில்லை, படத்தைத்தான் நம்பியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா புதுச்சத்திரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"ஏன்டி, ஆமாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ள இன்னேரம் உன் மடியில தூங்கிக்கிட்டு வருவானே. நாந்தான் பாவி, புள்ளி வெச்சேன். நீ ஏன்டி சொன்ன?"

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பெருசாவான் இல்ல அண்ணி. ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க. ஒருநா எங்கிட்ட வந்து, அன்னிக்கு இன்னாம்மா நடந்துச்சுன்னு கேப்பான். அப்ப ரெண்டு புள்ளிய நானா சேத்துக்கிட்டேன்னு வெச்சுக்க, மிச்சத்த எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுச் சொல்றது?"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை அழவில்லை.

மறுவருஷம் தைக்குள் மாமாவுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். தையல் கற்றுக்கொண்டாள், நர்சரிப் பள்ளி ஒன்றில் ஆயாவாகப் போனாள், பிறகு அங்கேயே சின்ன வகுப்புக்கு டீச்சரானாள். பையனைச் சிதம்பரம் தேர்த் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவாள். அந்த இரவைப் பற்றி அவள் வேறு யாரிடமும் பேசியதில்லை. கேட்டால், "அத ஒருத்தருக்குன்னு வெச்சிருக்கேன்" என்பாள்.

அவன் வந்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து, கல்யாணப் பத்திரிகை கொடுக்க. நான் அப்போது லீவில் அங்கே இருந்தேன். வருகிறான் என்று முன்தினமே தெரிந்ததால் அத்தை தேய்த்த புடவை கட்டிக்கொண்டு, காலையிலிருந்து கூடத்தை இரண்டு தடவை துடைத்தாள். மாமாவை உரித்து வைத்த முகம், நல்ல பையன், தன்மையாகப் பேசினான். தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துப் பத்திரிகையைக் கொடுத்துக் காலில் விழுந்தான். பெண் என்ன படித்திருக்கிறாள், மண்டபம் எங்கே என்று பேச்சு போயிற்று. காபி குடித்தான். அத்தை எதிரே உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"வேற ஏதாவது கேக்கணுமாப்பா?" என்றாள் அத்தை.

அவன் யோசித்தான். "ஆமாம், மறந்துட்டேன். இங்கேருந்து எத்தன பேரு வருவீங்க? வேன் அனுப்பணும்."

"நா ஒருத்திதாம்பா" என்றாள்.

அவன் அதைக் குறித்துக்கொண்டான்.